ஆகஸ்டில் சேர வேண்டிய மகனை ஜனவரிக்குத் தள்ளச் சொல்கிறார்கள்: கையெழுத்திடலாமா?

கேள்வி: நாங்கள் ஹூஸ்டன் அருகே வசிக்கிறோம். பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் பந்தை உதைக்கும் கிக்கராக ஆடிய எங்கள் மகனுக்கு, பக்கத்து மாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று இந்த ஆகஸ்ட் முதல் முழு உதவித்தொகை தருவதாகச் சென்ற டிசம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டது. மே மாத இறுதியில் பயிற்சியாளர் தொலைபேசியில் அழைத்து, அணியில் இப்போது இடமில்லை, ஜனவரியில் சேரட்டும், உதவித்தொகையும் அப்போது தொடங்கும் என்றார். அதற்கான புதிய படிவத்தில் ஒரு வாரத்துக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். மகன், வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருக்கிறான். மறுத்தால் உள்ளதும் போய்விடுமோ என்று அஞ்சுகிறோம். என்ன செய்வது?

பதில்: அந்தப் புதிய படிவத்தில் இந்த வாரம் கையெழுத்திட வேண்டாம். பயிற்சியாளரின் தொலைபேசிப் பேச்சினால் உங்கள் மகனின் உரிமை எதுவும் குறைந்துவிடவில்லை. படிவத்தில் அவனே கையெழுத்திட்டால்தான் குறையும். பதினெட்டு வயது நிறைந்துவிட்டால் அவன் கையெழுத்து ஒன்றே அவனைக் கட்டுப்படுத்தும் என்பதால், இதை நீங்கள் மட்டும் அறிந்தால் போதாது, அவனையும் அருகில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

1964-இல் தொடங்கி அறுபது ஆண்டுகள் நடைமுறையில் இருந்த ‘நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்ற, குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தில் சேர்வதாக வீரர் தரும் உறுதிக் கடிதத்தை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. 2024 அக்டோபரில் கைவிட்டது. எனவே டிசம்பரில் உங்கள் மகன் கையெழுத்திட்டது உதவித்தொகை ஒப்பந்தமாகத்தான் இருக்க வேண்டும். அதன் முதல் பக்கத்தில் உதவித்தொகை எந்தப் பருவத்திலிருந்து தொடங்குகிறது என்று எழுதியிருக்கும். அங்கே இந்த ஆண்டின் இலையுதிர் பருவம் குறிக்கப்பட்டிருந்தால் உங்கள் நிலை வலுவானது. கையெழுத்திட்ட நாளிலிருந்து ஒப்பந்தக் காலம் முடியும்வரை, ஆட்டத் திறன் போதவில்லை என்றோ, காயம் என்றோ, அணிக்கு வேறொருவர் கிடைத்துவிட்டார் என்றோ காரணம் காட்டி அந்தத் தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ உயர்மட்டப் போட்டிப் பிரிவான முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களுக்கு என்.சி.ஏ.ஏ. விதி இடந்தருவதில்லை. வேறு காரணம் சொல்லி நிறுத்தினாலும், விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள நிதியுதவி அதிகாரியின் முன் முறையிட மாணவனுக்கு உரிமை உண்டு.

நீதிமன்றங்களும் இவ்வகை ஆவணத்தை ஒப்பந்தமாகவே பார்த்து வந்திருக்கின்றன. வடக்குக் கரோலைனாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1972-இல் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக வழக்கில், படிப்பில் கவனம் செலுத்துவதாகச் சொல்லி ஆட மறுத்த மாணவர்தான் ஒப்பந்தத்தை மீறினார் என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் மாணவனைக் கட்டுப்படுத்தும் என்றால் பல்கலைக்கழகத்தையும் கட்டுப்படுத்தும் என்பதே இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் வாதம். 1992-இல் கிரைட்டன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான வழக்கில் ஏழாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், பொதுவான எதிர்பார்ப்புகளுக்கு நிவாரணம் இல்லை, குறிப்பாகச் சுட்டிக்காட்டத்தக்க வாக்குறுதி மீறப்பட்டிருந்தால் மட்டுமே வழக்குத் தொடரலாம் என்றது. உங்களிடம் இருப்பது தேதியும் தொகையும் கொண்ட குறிப்பான வாக்குறுதி. பயிற்சியாளர் இப்போது தருவதோ வாய்ச்சொல்.

ஒரு நிபந்தனையைச் சரிபாருங்கள். சேர்க்கை அனுமதியும் என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தின் இறுதிச் சான்றும் கிடைத்தால்தான் அந்த ஒப்பந்தம் செல்லும். உயர்நிலைப் பள்ளியில் மகன் முடித்திருக்க வேண்டிய பதினாறு முதன்மைப் பாடங்களில் ஏதேனும் குறைந்திருந்தால், பேச வேண்டிய விஷயமே வேறாகிவிடும். உரிய காலத்தில் பள்ளியை முடித்த மாணவர் ஓராண்டுக்குள் ஒரு பாடத்தைக் கூடுதலாக முடித்துக் கணக்கில் சேர்க்க விதி அனுமதிப்பதால், அப்போது தாமதச் சேர்க்கையே அவனுக்கு வழியாகலாம்.

இப்படிக் கேட்பது புதிதல்ல. ‘கிரேஷர்ட்’ என்று இதற்குப் பெயர். முன்பு ஓர் அணி 85 பேருக்கு மேல் உதவித்தொகை தர முடியாது என்பதால், அதிகம் பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு மிஞ்சியவர்களை ஜனவரிக்குத் தள்ளுவார்கள். 2010-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில், விடுதியில் குடியேறிவிட்ட ஒரு வீரரிடம் ஆகஸ்ட் மாதத்தில் இதைச் சொன்னார்கள். அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போக நேர்ந்தது. கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ‘ஹவுஸ்’ உடன்படிக்கைக்குப் பிறகு, அதில் இணைந்த பல்கலைக்கழகங்களுக்கு 85 என்ற வரம்பு நீங்கி, அணியில் மொத்தமே 105 பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. இடமில்லை என்று பயிற்சியாளர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் கணக்குத் தவறியதன் விலையை உங்கள் மகன் கொடுக்க வேண்டியதில்லை.

கிரேஷர்ட்டினால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். முழுநேர மாணவனாகப் பதிந்து முதல் வகுப்பு நடக்கும் நாளில்தான் கல்லூரி அணியில் ஆடுவதற்கான ஐந்தாண்டுத் தகுதிக் காலம் தொடங்குகிறது. ஜனவரியில் சேர்பவன் ஓர் ஆட்டப் பருவத்தையும் இழக்காமல் வசந்தகாலப் பயிற்சியோடு தொடங்கலாம். உடல் முதிர இன்னும் காலம் வேண்டும் என்று அவனே விரும்பினால் அது நியாயமான தேர்வு. ஆனால் இலையுதிர் பருவத்தில் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் 12 கிரெடிட் எடுத்துவிட்டால், அங்கேயே முழுநேர மாணவனாகி, கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். இந்த ஒரு பிழையைப் பல குடும்பங்கள் நல்லெண்ணத்தோடு செய்துவிடுகின்றன. மேலும் அந்த மாதங்களில் அவன் அணியோடு பயிற்சி செய்ய முடியாது, செலவு முழுவதும் உங்களுடையது. இந்த ஐந்தாண்டு விதியே பல வழக்குகளில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. காலக்கணக்கை வயதிலிருந்தோ பள்ளி முடித்த நாளிலிருந்தோ தொடங்கும்படி விதி மாறினால், காத்திருந்ததன் பலன் கிடைக்காமலே போகலாம்.

விசா விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். எச்-4 விசாவில் பகுதிநேரமாகப் படிக்கத் தடையில்லை. ஆனால் மாணவர்களுக்கான எஃப்-1 விசாவுக்கு மாறிவிட்டால் முழுநேரப் படிப்பு கட்டாயம் என்பதால், பகுதிநேர இலையுதிர் பருவம் விசாவையே பாதிக்கும். இருபத்தொரு வயதில் எச்-4 முடிந்துவிடும். கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு ஒவ்வொரு பருவமும் கணக்குத்தான். பல்கலைக்கழகம் நேரடியாகப் பணம் தரும் வருவாய்ப் பங்கு ஒப்பந்தம் ஏதேனும் உடன் வந்தால், குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டாமல் தொடவே வேண்டாம். வேலை செய்ய அனுமதியில்லாதவர் பெறும் பணம் பின்னாளில் பெரிய சிக்கலாகலாம்.

இனி செய்ய வேண்டியது. பயிற்சியாளருக்கு அல்ல, விளையாட்டு விதிகள் பின்பற்றப்படுவதைக் கண்காணிக்கும் பல்கலைக்கழகத்தின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கும் நிதியுதவி அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். டிசம்பர் ஒப்பந்தத்தை இணைத்து, ஆகஸ்டில் சேர மகன் ஆயத்தமாக இருக்கிறான், ஒப்பந்தத்தின்படி உதவித்தொகை தரப்படுமா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். மரியாதையான இரண்டு பத்தி போதும். மிரட்டும் சொல் ஒன்றும் வேண்டாம். பெரும்பாலும் இந்தக் கேள்வி எழுத்தில் வந்தவுடனேயே பல்கலைக்கழகத்தின் தொனி மாறும். அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பல மாநிலங்களில் வழக்கிலிருந்து சட்டப் பாதுகாப்பு இருப்பதால், நீதிமன்றத்தை முதல் படியாக நினைக்காதீர்கள். முறையீட்டையே முதலில் முழுமையாகப் பயன்படுத்துங்கள்.

ஜனவரியே நல்லது என்று மகன் முடிவெடுத்தால், பழைய ஒப்பந்தத்தைக் கைவிடும் வரியை நீக்கச் சொல்லி, ஜனவரியில் தொடங்கும் உதவித்தொகையின் அளவும் ஆண்டுகளும், இடையில் காயம்பட்டாலோ பயிற்சியாளர் மாறினாலோ அது மாறாது என்பதும் புதிய படிவத்திலேயே இடம்பெறச் செய்யுங்கள். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்பினால், இப்போதைய ஒப்பந்தம் இருக்கும்வரை மற்றப் பயிற்சியாளர்கள் அவனை அணுகக் கூடாது என்பதால், எழுத்தில் விடுவிப்புப் பெற்ற பிறகே பேச்சைத் தொடங்குங்கள். எந்த வழியானாலும், ஒரு வார கெடு முடியும் முன் அந்த மின்னஞ்சல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.