ஸ்பான்சர் செய்யும் குழந்தையை வெளிநாட்டுக்கே போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? நாம் கொடுக்கும் பணம் அந்தக் குழந்தைக்குத்தான் போகிறதா?

நான் போயிருக்கிறேன். 2019 பிப்ரவரியில், சிங்கப்பூரிலிருந்து கம்போடியாவின் பட்டாம்பாங் மாகாணத்துக்கு. கூட வந்தவர்கள் எட்டுப் பேர். எல்லோரும் நான் பணம் கட்டும் தொண்டு நிறுவனத்தில், ஸ்பான்சர்களும் குழந்தைகளும் எழுதிக்கொள்ளும் கடிதங்களைச் சனிக்கிழமைகளில் பிரித்து அடுக்கும் தொண்டூழியர்கள். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அவரவர் கைக்காசு.

கேள்வியில் உறுத்துவது பணம்தான் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மாதம் 45 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) கட்டி வந்தேன். அதில்தான் நான் ஸ்பான்சர் செய்யும் சிறுமிக்கு நோட்டு, யூனிஃபார்ம், மதியச் சாப்பாடு என்று மூன்று வருடமாக மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அங்கே போனபிறகுதான் தெரிந்தது, அவள் பெயருக்கு என்று தனி உண்டியல் எதுவும் இல்லை. அந்த வட்டாரத்துக்கு வரும் எல்லாருடைய பணமும் ஒன்றாகச் சேர்ந்து பள்ளிக் கழிப்பறை, குடிநீர், தாய்மார்களின் சேமிப்புக் குழு என்று போகிறது. இது எங்கள் ஒப்பந்தத் தாளிலேயே எழுதியிருந்த விஷயம். படிக்காதது நான்.

இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. 1937-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தவித்த குழந்தைகளுக்காக ஜான் லாங்டன்-டேவிஸ் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் தொடங்கிய அமைப்புதான் இன்றைய பிளான் இன்டர்நேஷனல். ஒரு கொடையாளி, ஒரு குழந்தை, இருவருக்கும் நடுவே கடிதம் என்பது அன்றைய யோசனை. 1950-களில் கொரியப் போருக்குப் பின் இந்த முறை பெரிதாக வளர்ந்தது. ஆனால் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குக் கொடுத்து அடுத்த வீட்டை விட்டால் என்ன நடக்கும் என்று கிராமத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அதனால்தான் பல அமைப்புகள் ஊர்ப் பொதுவுக்கு மாறின. இன்றும் குழந்தைக்கே நேரடியாகப் படிப்புச் செலவைக் கொடுக்கும் அமைப்புகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கம்பேஷன் நிறுவனத்தின் திட்டத்தை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஆராய்ந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ஸ்பான்சர் கிடைத்த குழந்தைகள் சராசரியாக ஒரு வருடத்துக்குமேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். ஆக, நீங்கள் பணம் கட்டும் நிறுவனம் எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பயணம். கிளம்புவதற்கு முன்பே நன்னடத்தைச் சான்றிதழ், நடத்தை விதிகளில் கையெழுத்து என்று ஏகப்பட்ட காகிதம். குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. முகவரி, போன் நம்பர் கொடுக்கக் கூடாது. ஊர் தெரிகிற மாதிரி போட்டோ போடக் கூடாது. எரிச்சலாகத்தான் இருந்தது. யாரோ ஊர் பேர் தெரியாத ஆள் என் மகளைப் பார்க்க வருகிறேன் என்றால் நான் என்னென்ன கேட்பேன் என்று யோசித்ததும் எரிச்சல் போய்விட்டது.

கம்போடியாவின் சியம் ரீப் நகரில் இறங்கி வேனில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அறுவடை முடிந்து வயலெல்லாம் காய்ந்த தாள். போகும் வழியில் சில இடங்களில் மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை: கண்ணிவெடி ஜாக்கிரதை. போர் முடிந்து எத்தனையோ வருடம் ஆகியும் அந்த மாகாணத்தில் வெடி எடுக்கும் வேலை முடிந்தபாடில்லை. பள்ளியில் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று பிள்ளைகள் அரைநாள்தான் படிக்கிறார்கள்.

நான் ஸ்பான்சர் செய்த பெண்ணுக்கு அப்போது பத்து வயது. அப்பா அம்மா இருவரும் எல்லை தாண்டித் தாய்லாந்தில் கூலி வேலை. பாட்டிதான் வளர்க்கிறார். கால் நட்டுத் தூக்கிக் கட்டிய மரவீடு, வாசலில் மழைத்தண்ணீர் பிடிக்கும் பெரிய சிமெண்டுச் சாடி, வீட்டுக்கு அடியில் ஒரு பசுமாடு. மாட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருடா வருடம் அவள் எழுதுவது ஒரே கடிதம்தான்: "நான் நலம். நாங்கள் ஒரு மாடு வளர்க்கிறோம்." ஆபீஸில் யாரோ அச்சடித்து அனுப்புகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். மாடு நிஜம்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பாட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி முதலில் கேட்டது, "சோறு சாப்பிட்டாச்சா?" அந்த நாட்டுக் கெமெர் மொழியில் அதுதான் நலம் விசாரிப்பு என்று எங்களோடு வந்த நிறுவனத்தின் களப்பணியாளர் சொன்னார். நம் ஊர்ப் பேச்சேதான்.

அந்த மௌனத்தை உடைத்தவர் எங்களோடு வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எங்கள் எல்லோருக்கும் அக்கா. அவர் மண்ணில் உட்கார்ந்து குச்சியால் 'க' என்று எழுதி, "இது உங்க மொழியில எப்படி?" என்று கேட்டார். பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் எழுத்தை எழுதிக்காட்டி, "கா, க்கா, கோ, க்கோ, ங்கோ" என்று ராகமாகச் சொன்னாள். "அடி, நானும் 'க'வுல ஆரம்பிச்சு 'ங'வுக்குத்தானடி போறேன்!" என்று அக்கா கத்தியதில் மாடு திரும்பிப் பார்த்தது. கெமெர் எழுத்து பல்லவ எழுத்து வழி வந்தது என்பது படித்த செய்திதான். ஆனாலும் அந்த மண்ணில் பார்த்தது வேறு.

ஒரு தப்பும் செய்தேன். கிளம்பும்போது பாட்டி கையில் இருபது டாலரை மடித்துத் திணித்தேன். விதிப்படி கூடாது. அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. "எங்க பிள்ளையோட ஸ்பான்சர் ஏன் வரல?" என்று இரண்டு தாய்மார்கள் களப்பணியாளரிடம் வந்து நின்றார்களாம். வேனில் அவர் என் பெயரைச் சொல்லாமல் பொதுவாகத்தான் சொன்னார். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கடிதங்களை மோட்டார் சைக்கிளில் சுமந்து வீடு வீடாக அலைகிற பெண் அவர். என் இருபது டாலரால் வந்த வருத்தத்தையும் அவர்தான் தீர்க்க வேண்டும்.

இன்னொன்று. சியம் ரீப்பில் டுக்டுக் ஓட்டுபவர் "அநாதை இல்லம் பார்க்கப் போகலாமா?" என்று கேட்கலாம். போகாதீர்கள். அப்படிப்பட்ட இல்லங்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். பார்வையாளர்கள் தரும் காசுக்காகவே பிள்ளைகளைச் சேர்த்து வைக்கும் இடங்களும் உண்டு.

பணம் சரியாகப் போகிறதா என்று பார்க்க மட்டும் பயணம் போகத் தேவையில்லை. அதற்குத் தணிக்கைக் கணக்கும் வட்டார ஆண்டறிக்கையும் போதும். சிங்கப்பூரில் இருப்பவர்கள் அரசின் அறநிறுவன இணையவாசலிலேயே நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். நான் போய் வந்ததில் எனக்குக் கிடைத்தது, இப்போது எழுதும் கடிதங்களில் "உனக்குப் பிடித்த பாடம் எது?" என்று நான்காவது முறையாகக் கேட்பதில்லை. மாட்டைப் பற்றிக் கேட்கிறேன்.

அடுத்த கடிதத்தில் பதில் வந்தது. கன்று போட்டிருக்கிறதாம்.