கேபிளைத் தொடுவதற்கு முன்: ஹேண்ட் பிரேக் குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஹேண்ட் பிரேக்கைப் பற்றியே இருந்ததால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். முதல் கடிதத்துக்கான பதில் சற்று நீளமானது. அடுத்து வரும் பதில்கள் அதைச் சார்ந்திருப்பதால், அதை முதலில் படித்துவிடுவது நல்லது.

கேள்வி: என்னுடைய சிறிய பெட்ரோல் காரில் ஹேண்ட் பிரேக் லீவரை முழுவதுமாக மேலே இழுத்தால்தான் பிடித்தது, அப்போதும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சரிவுப் பாதையில் வண்டி மெல்ல நகர்ந்தது. பக்கத்துத் தெரு மெக்கானிக் லீவருக்கு அடியிலுள்ள நட்டை முறுக்கிக் கொடுத்தார். சில நாட்கள் நன்றாக இருந்தது. இப்போது இடப்புறப் பின் சக்கரம் சூடாகிறது, மைலேஜ் குறைந்துவிட்டது, கால் பிரேக்கும் முன்பைவிடத் தாழ்வாக இறங்குகிறது. இதை வீட்டிலேயே நான் சரிசெய்ய முடியுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முடியும், ஆனால் வேலையை உங்கள் மெக்கானிக் தொடங்கிய இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. அவர் கடைசியாகத் தொட வேண்டிய நட்டை முதலில் தொட்டிருக்கிறார். நீங்கள் எழுதியுள்ள மூன்று தொல்லைகளும் அதிலிருந்தே வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

உங்களுடையதைப் போன்ற சிறிய கார்களில் பெரும்பாலும் பின் சக்கரங்களில் டிரம் பிரேக்தான் இருக்கும்; அதில் சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் போன்ற டிரம்மை, ஷூ எனப்படும் பிறை வடிவப் பாகங்கள் இரண்டு உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும். லீவரை இழுக்கும்போது கேபிள், டிரம்முக்குள் ஒரு ஷூவோடு பிணைக்கப்பட்டுள்ள சிறிய இரும்புக் கையை இழுக்கிறது. அந்தக் கை, இரு ஷூக்களுக்கும் இடையிலுள்ள தண்டின் வழியாக அவற்றை விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. கால் பிரேக்கை மிதிக்கும்போது அதே ஷூக்களை, பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் வீல் சிலிண்டர் விரிக்கிறது. ஆகவே ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங் தேய்ந்து ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே வெளி கூடினால், கால் பிரேக், கை பிரேக் இரண்டுமே தளரும். அந்த வெளியைத் தானாகவே குறைப்பதற்காக அந்தத் தண்டிலேயே செல்ஃப் அட்ஜஸ்டர் என்ற அமைப்பு வைக்கப்பட்டிருக்கிறது. ஷூ குறிப்பிட்ட அளவுக்கு மேல் நகர வேண்டியிருந்தால், அது ஒரு பல் நகர்ந்து தண்டை நீட்டிக்கொள்ளும்.

இந்த அட்ஜஸ்டர் சரியாக வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. லீவர் கீழே இருக்கும்போது, டிரம்முக்குள்ளிருக்கும் இரும்புக் கை முழுவதுமாகத் தன் இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். கேபிளை அளவுக்கு மீறி முறுக்கினால் அந்தக் கை எப்போதும் சற்று இழுபட்ட நிலையிலேயே நிற்கும், ஷூக்களும் சற்று விரிந்தே இருக்கும். அட்ஜஸ்டருக்குத் தான் நகர வேண்டிய இடைவெளியே தெரியாமல் போகும். முதலில் லீவர் நன்றாகப் பிடிப்பதுபோல் தோன்றும்; பிறகு லைனிங் மேலும் தேயத் தேய பெடல் தாழும், உரசும் பக்கத்து டிரம் சூடேறும், எரிபொருளும் வீணாகும். இதற்கு மேலும் நட்டை முறுக்குவது நோயை மறைக்குமே தவிரக் குணப்படுத்தாது.

இனி வேலைக்கு வருவோம். வண்டி ஓடி நின்றவுடன் இதைச் செய்யாதீர்கள். சூடான டிரம் விரிந்திருக்கும். அந்த நிலையில் அளவு வைத்தால் ஆறியதும் அது சுருங்கி ஷூவில் உரசும். காலையில், சமதளமான சிமெண்டுத் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன் சக்கர இயக்க வண்டியானால் முதல் கியரில் விடலாம், பின் சக்கரங்கள் அப்போதும் தாராளமாகச் சுற்றும். ஈகோ, பொலேரோ போன்ற பின் சக்கர இயக்க வண்டிகளில் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க நியூட்ரலில் வைத்தே ஆக வேண்டும் என்பதால், கட்டைகளின் மேல் இரட்டிப்புக் கவனம் தேவை. சக்கரத்தின் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே சிறிது தளர்த்திவிட்டு, கையேட்டில் காட்டியுள்ள இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். வண்டியோடு தரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நுழைக்கக் கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டுக்கு மாற்று அல்ல. அவை முன்னறிவிப்பு எதுவுமின்றி உடையும். ஸ்டாண்டு இல்லையென்றால் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதே சரி.

லீவரை முழுவதுமாக இறக்கிவிட்டு, கேபிள் நட்டை நன்றாகத் தளர்த்துவதுதான் முதல் படி. பல கார்களில் அது லீவரின் அடியில், கன்சோலின் பின்பகுதியைக் கழற்றினால் அல்லது லீவரைச் சுற்றியுள்ள உறையை நீக்கினால் தெரியும்; பெரும்பாலும் 10 மி.மீ. அல்லது 12 மி.மீ. ஸ்பேனர் போதும். அதே பகுதியில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருக்கக்கூடும் என்பதால், வண்டியின் சாவியை எடுத்துவிடுங்கள். அங்கு காணும் ஒயர் இணைப்பு எதையும் பிடுங்காதீர்கள். சில வண்டிகளில் சரிசெய்யும் நட் வண்டிக்கு அடியில், சைலன்சர் குழாயை ஒட்டி இருக்கும்.

நட்டைத் தளர்த்தியதும் பின் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள். சூடாகிறது என்று நீங்கள் எழுதிய இடப்புறச் சக்கரம் இப்போது எளிதாகச் சுற்றினால், முறுக்கிய கேபிள்தான் காரணம். அப்போதும் இறுக்கமாகவே இருந்தால், கேபிள் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கிறது, அல்லது வீல் சிலிண்டர் சிக்கியிருக்கிறது, அல்லது ஷூவின் ஸ்பிரிங் ஒன்று தளர்ந்திருக்கிறது. இவற்றில் எதையும் நட்டால் சரிசெய்ய முடியாது.

அடுத்தது லைனிங். டிரம்மைக் கழற்றிப் பார்ப்பதே நம்பகமான வழி. அது வர மறுத்தால் சுத்தியலால் ஓங்கி அடிக்காமல், டிரம்மின் முகத்தில் மரையிட்ட இரு துளைகள் உள்ளனவா என்று பாருங்கள்; பல வண்டிகளில் அவற்றில் 8 மி.மீ. போல்ட்டுகளை மாறி மாறி முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். சில மாடல்களில் டிரம்மும் வீல் பேரிங்கும் ஒரே பாகமாக இருப்பதால், நடுவிலுள்ள பெரிய நட்டைக் கழற்றினால்தான் டிரம் வரும். அந்த நட்டைக் குறிப்பிட்ட டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்க வேண்டும், பல வண்டிகளில் புதியதாகவே மாற்றவும் வேண்டும். உங்கள் வண்டி அந்த வகையென்றால் இந்தக் கட்டத்தை மட்டும் பணிமனைக்கு விட்டுவிடுங்கள்.

டிரம்முக்குள் படிந்திருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், இல்லாவிட்டாலும் அது நுரையீரலுக்கு நல்லதல்ல. முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியாலோ பிரேக் கிளீனராலோ துடையுங்கள். லைனிங்கின் தடிமன் 1 மி.மீ. அளவுக்கு இறங்கியிருந்தால் பல கார்களில் அது மாற்ற வேண்டிய எல்லை. அதற்குச் சற்று முன்பே, இரு பக்கத்து ஷூக்களையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் என் பரிந்துரை. டிரம்மின் உட்சுவர் எவ்வளவு விட்டம் வரை தேயலாம் என்பது பெரும்பாலும் டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். லைனிங்கில் ஈரமும் எண்ணெய்ப் பசையும் தெரிந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது என்று பொருள். அந்த வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது.

லைனிங் நன்றாக இருந்தால், டிரம்மை மாட்டிவிட்டு அட்ஜஸ்டரைக் கவனியுங்கள். தானியங்கி வகையில், கேபிள் தளர்ந்த நிலையிலேயே கால் பிரேக்கைப் பலமுறை அழுத்தமாக மிதித்தால், டிரம்முக்குள் 'டிக்' என்ற ஒலியோடு அட்ஜஸ்டர் நகர்வது கேட்கும். ஒலி நின்றதும் பெடலும் உயர்ந்திருப்பதை உணர்வீர்கள். டிரம் கழற்றப்பட்டிருக்கும்போது மட்டும் பெடலைத் தொட்டுவிடாதீர்கள், வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பல் சக்கரத்தைக் கையால் சுற்றும் வகையாக இருந்தால், டிரம்முக்குப் பின்னாலுள்ள தகடான பேக் பிளேட்டின் ரப்பர் மூடியை நீக்கி, தட்டை ஸ்க்ரூடிரைவரால் பல்லைப் பல்லாகத் தள்ளுங்கள். சக்கரம் கையால் சுற்ற முடியாத அளவுக்கு இறுகியதும், இலேசான உரசல் ஒலியோடு தாராளமாகச் சுற்றும்வரை பின்னுக்கு எடுங்கள். இரு பக்கமும் ஒரே அளவில் அமைய வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கேபிள். லீவரை இழுக்கும்போது கேட்கும் 'கிளிக்' ஒலிகளை எண்ணுங்கள். எத்தனை கிளிக்கில் பிடிக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிறிய கார்களில் ஐந்து முதல் எட்டு வரை என்பது பரவலாகக் காணும் அளவு, உங்கள் கையேடு சொல்வதே இறுதி. நட்டைச் சிறிது சிறிதாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் லீவரை ஏற்றி இறக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். லீவர் கீழே இருக்கும்போது இரு சக்கரங்களும் உரசாமல் சுற்ற வேண்டும். குறித்த கிளிக்கில் இரண்டும் ஒருசேர நிற்க வேண்டும். ஒன்று நின்று மற்றொன்று சுற்றினால் மேலும் முறுக்காதீர்கள், நிற்காத பக்கத்துக் கேபிளையோ ஷூவையோ திறந்து பாருங்கள். எல்லாம் பொருந்தியதும் லாக் நட்டை இறுக்கி, வண்டியை இறக்கி, சக்கர நட்டுகளை முழுமையாக இறுக்குங்கள்.

கால் பிரேக்கில் காலை வைத்தபடியே, நியூட்ரலில், மிதமான சரிவில் லீவரை இழுத்து, பெடலை மெல்ல விட்டுச் சோதியுங்கள். வண்டிக்குக் கீழ்ப்புறம் யாரும் நிற்கக் கூடாது. பிறகு சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, உள்ளங்கையை இரு பின் சக்கரங்களுக்கும் அருகில் கொண்டுசென்று வெப்பத்தை ஒப்பிடுங்கள். டிரம்மைத் தொட வேண்டாம்.

கேள்வி: மழைக்காலத்தில் இரண்டு வாரம் வெளியூர் சென்றுவிட்டுத் திரும்பினேன். ஹேண்ட் பிரேக் லீவர் இறங்குகிறது, ஆனால் பின் சக்கரங்கள் நகர மறுக்கின்றன. கேபிளை அட்ஜஸ்ட் செய்ய வேண்டுமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். ஈரத்தில் நின்ற டிரம்மின் உட்சுவர் துருவேறி லைனிங்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கிளட்சை மெதுவாக விட்டு முன்னும் பின்னுமாகச் சிறிது அசைத்தால், பெரும்பாலும் ஒரு சிறு ஒலியோடு விடுபடும். ஆக்சிலரேட்டரை அழுத்திப் பலவந்தமாக இழுத்தால் லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்துவிடக்கூடும். அசைந்து கொடுக்காவிட்டால், கட்டை கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் ஓரத்தை ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள்.

லீவர் இறங்கியது சரி, ஆனால் மீண்டும் இழுக்கும்போது அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று ஏறுகிறதா? அப்படியானால் கேபிள் உறைக்குள்ளேயே சிக்கியிருக்கிறது. உறையின் முனையிலுள்ள ரப்பர் கிழிந்து நீர் புகுந்ததே வழக்கமான காரணம். எண்ணெய் விட்டால் சில நாட்கள் நகரும், பிறகு பழைய கதைதான், கேபிளை மாற்றிவிடுங்கள். நீண்ட நாட்கள் நிறுத்துவதானால், சமதளத்தில், கியரில் விட்டுச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் விடுங்கள். வண்டியைக் கழுவிய உடனேயும் அப்படியே நிறுத்தாமல், சிறிது தூரம் ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்து உலரவிடுவது நல்ல பழக்கம்.

கேள்வி: கியரில் விட்டால் போதும், ஹேண்ட் பிரேக் எதற்கு என்கிறார் என் மாமனார். அவர் சொல்வது சரியா?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: உங்கள் ஊரில் சரியல்ல. கியரில் நிற்கும் வண்டியை எஞ்சினின் கம்ப்ரஷன்தான் தாங்குகிறது. சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று மெல்லக் கசிவதால், செங்குத்தான சரிவில் வண்டி விட்டுவிட்டு நகரக்கூடும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 96-ஆம் விதி, கால் பிரேக்கும் பார்க்கிங் பிரேக்கும் ஒன்றையொன்று சாராமல் இயங்க வேண்டும் என்று கேட்பது சும்மா அல்ல. மாமனாரின் வழியையும் விட்டுவிட வேண்டாம்: ஹேண்ட் பிரேக்கோடு, ஏற்றத்தை நோக்கி நிறுத்தினால் முதல் கியரும், இறக்கத்தை நோக்கி நிறுத்தினால் ரிவர்ஸ் கியரும் போடுங்கள்.

கேள்வி: என் காரில் பின்னாலும் டிஸ்க் பிரேக். முதல் கேள்விக்கான முறை பொருந்துமா?
— வாசகர், திருச்சி

பதில்: கேபிளை இறுதியில் தொடுவது என்ற வரிசை பொருந்தும், உள்ளமைப்பு பொருந்தாது. சிலவற்றில் டிஸ்க்கின் நடுக் குழிவுக்குள் ஹேண்ட் பிரேக்குக்கென்றே சிறிய டிரம் இருக்கும். அதைப் பல் சக்கரத்தால் சரிசெய்யலாம். மற்றவற்றில் கேபிள், டிஸ்க்கைப் பேடுகளால் இறுகப் பிடிக்கும் பாகமான காலிப்பரிலுள்ள கையை நேரடியாக இழுக்கிறது. லீவர் கீழே இருக்கும்போது இரு காலிப்பர்களின் கைகளும் தம் தடுப்பில் படிந்து நிற்கின்றனவா என்பதே அங்கு பார்க்க வேண்டியது. இவ்வகைக் காலிப்பரில் பேடு மாற்றும்போது பிஸ்டனைப் பெரும்பாலும் சுழற்றியே உள்ளே தள்ள வேண்டும். கிளாம்ப் வைத்து நேராக அழுத்தினால் உள்ளிருக்கும் மரை கெட்டுவிடும்.

லீவருக்குப் பதில் சுவிட்ச் இருக்கும் மின்னணுப் பார்க்கிங் பிரேக்கானால் வீட்டில் கை வைக்காதீர்கள். பழுதுபார்ப்பதற்கான சர்வீஸ் மோடுக்கு அதை மாற்றாமல் திறந்தால், அதன் மோட்டார் விரலையும் நசுக்கும்.

கேள்வி: லீவரை முழுவதும் இறக்கிய பிறகும் டேஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிகிறது. சுவிட்ச் பழுதா?
— வாசகி, ஈரோடு

பதில்: லீவரின் அடியிலுள்ள சுவிட்ச் விலகியிருக்கலாம், லீவரைக் கையால் இன்னும் சற்றுக் கீழே அழுத்தும்போது விளக்கு அணைந்தால் அதுதான் காரணம். அணையாவிட்டால் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் தொட்டியைப் பாருங்கள், ஏனெனில் பல கார்களில் ஆயில் குறைந்தாலும் இதே விளக்குதான் எரியும். குறைந்திருப்பதைக் கண்டதும் ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். பேடும் லைனிங்கும் தேயும்போது ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு என்பதால் முதலில் அவற்றைப் பாருங்கள். அவை நன்றாக இருந்தும் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது, வண்டியை ஓட்டிச் செல்லாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.