தரையில் ஏன் சூடானது?

வணக்கம். சென்ற வாரம் அம்மாவுடன் விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகு, ஏபியூ வேலை செய்யவில்லை, எஞ்சின்கள் ஓடும்வரை குளிர்சாதனம் இருக்காது என்று விமானி அறிவித்தார். பழுது முந்தைய நாளே தெரியுமாம். பராமரிப்பு ஊழியர் ஒருவர் வந்து ஏதோ கையெழுத்திட்டுப் போனார். தெரிந்தே பழுதோடு அனுப்புவது குற்றமில்லையா? லாபவெறி தவிர வேறென்ன? பழுதுகளின் பட்டியலைப் பயணிகளுக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் வரக்கூடாதா? அந்த ஊழியரைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறேன். அம்மா இனி விமானமே வேண்டாம் என்கிறார். தம்பி விமானப் பராமரிப்புப் பொறியியல் படிக்கிறான். அவனை நினைத்தும் கவலையாக இருக்கிறது.
— கு.

அன்புள்ள கு.,

முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஏபியூ என்பது வால்பகுதியில் இருக்கும் சிறிய எஞ்சின். தரையில் நிற்கும்போது மின்சாரமும் காற்றும் தருவதுதான் அதன் முக்கிய வேலை. அது ஓடாவிட்டால் வெளியிலிருந்து இணைப்புக் கொடுத்துப் பெரிய எஞ்சின்களைக் கிளப்பலாம். வழக்கமான பயணத்தில், வானில் ஏறியபின் அது பெரும்பாலும் அணைந்தே இருக்கும். அம்மா புழுக்கத்தில் தவித்தார், பாவம். ஆனால் ஆபத்தில் இருக்கவில்லை.

அந்தப் படத்தை இன்றே நீக்குங்கள். தன் உரிமத்தையே பிணையாக வைத்துக் கையெழுத்திட்ட ஒரு மனிதரை, அவர் என்ன செய்தார் என்றே தெரியாமல் ஊர் முன் குற்றவாளியாக நிறுத்தியிருக்கிறீர்கள். படித்தவர் செய்கிற காரியமா இது? லாபவெறி பற்றிய உங்கள் கேள்விக்குள் நான் போகவில்லை. பயணிகளுக்குப் பட்டியல் காட்டும் யோசனையும் எனக்குச் சரியாகப் படவில்லை. அதை வைத்துக்கொண்டு நீங்களும் நானும் என்ன முடிவெடுப்போம்?

எம்இஎல் என்று ஒரு பட்டியல் உண்டு. எந்தக் கருவி பழுதானால், எந்த நிபந்தனையோடு, எத்தனை நாள் பறக்கலாம் என்று அது சொல்லும். பழுதுகளைச் சரிசெய்யும் கெடுவை வைத்து நான்கு பிரிவு: பி பிரிவுக்கு 3 நாள், சி பிரிவுக்கு 10, டி பிரிவுக்கு 120. ஏ பிரிவில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு. அந்த விமான ரகம் முழுவதற்கும் ஒழுங்குமுறை அமைப்பு ஏற்ற மூலப் பட்டியலைவிட ஒரு விமான நிறுவனத்தின் பட்டியல் தளர்வாக இருக்கக்கூடாது. பட்டியல் அனுமதித்தாலும் விமானி மறுக்கலாம். இந்த ஏற்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

என் மனக்குறை வேறு. உங்கள் கடிதம் வந்தபோது மட்ரிட் விபத்தின் விசாரணை அறிக்கையை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.

2008 ஆகஸ்ட் 20. கிரான் கனாரியா தீவுக்குப் போகவேண்டிய, ஸ்பெயினின் ஸ்பான்ஏர் நிறுவனத்து எம்டி-82 விமானம் ஓடுபாதை வரை போய்த் திரும்பி வந்தது. வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் உணர்கருவி 104 டிகிரி செல்சியஸ் காட்டியது. அதில் பனி உறையாமல் காக்கும் சூடேற்றி வானில் மட்டுமே இயங்க வேண்டியது, தரையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. தொழில்நுட்பர் எம்இஎல்லைப் பார்த்தார். பனி உறையும் வானிலை இல்லையென்றால் சூடேற்றி இல்லாமல் பறக்கலாம் என்று இருந்தது. நடுக்கோடை. சர்க்யூட் பிரேக்கரை இழுத்தார், சூடு அடங்கியது, விமானம் அனுப்பப்பட்டது. விதிப்படி அந்தப் பழுது அங்கே முடிந்தது.

தரையில் அது ஏன் சூடானது? இந்தக் கேள்விக்குப் பட்டியலில் இடமில்லை. விமானம் தரையில் இருக்கிறதா வானில் இருக்கிறதா என்பதைக் கருவிகளுக்குச் சொல்லும் ரிலேக்களில், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளில், ஒன்று ஆர்2-5. தரையில் சூடேற்றியை அணைத்து வைப்பது அதுதான். மேலெழும்பக் கூடுதல் தூக்குவிசை தரும் இறக்கை மடல்களான ஃபிளாப்புகளை விரிக்காமல் கிளம்ப முயன்றால் அலறவேண்டிய எச்சரிக்கைக் கருவியும் அதே ரிலே வழியாகத்தான் இயங்குகிறது. சூடேற்றி நன்றாகவே வேலை செய்தது, வேலை செய்யக்கூடாத இடத்தில். அதைப் 'பழுதான சூடேற்றி' என்று எழுதியபோதே கேள்வி தொலைந்துவிட்டது.

அன்று விமானிகள் ஃபிளாப்புகளை விரிக்க மறந்தார்கள். எச்சரிக்கை ஒலிக்கவில்லை. 172 பேரில் 154 பேர் இறந்தார்கள். ஒலிக்காததற்கு ரிலேதான் காரணம் என்று அறிக்கை அறுதியிட்டுச் சொல்லவில்லை. முதல் தவறு விமானிகளுடையது, அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 1987-இல் டெட்ராய்ட்டில் இதே எம்டி-82 ரக விமானம் இதே போல, ஃபிளாப் விரிக்காமல், எச்சரிக்கை ஒலிக்காமல் விழுந்து 156 பேர் மாண்டிருந்தார்கள். பிழைத்தது 4 வயதுக் குழந்தை ஒன்றுதான். அதன்பின் ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் அந்த எச்சரிக்கைக் கருவியைச் சோதியுங்கள் என்று தயாரிப்பாளர் பரிந்துரைத்தார். ஸ்பான்ஏரின் நடைமுறை ஒவ்வொரு பறப்புக்கும் அதைக் கேட்கவில்லை. 21 வருடம்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது.

2014 டிசம்பரில் ஜாவா கடலில் விழுந்த ஏர்ஏசியா விமானத்திலும் இதே கதை. சுக்கானின் அசைவை மட்டுப்படுத்தும் கருவியின் மின்சுற்றில், பற்றவைத்த இடத்தில் ஒரு விரிசல். 12 மாதங்களில் 23 முறை பழுது பதிவானது. ஒவ்வொரு முறையும் சரிசெய்ததாக முடித்தார்கள். அந்த 23-ஐயும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்க ஒருவரும் இல்லை.

நான் கேட்பது கடுமையான பட்டியலை அல்ல. பழுதைத் தள்ளிவைக்கும் படிவத்தில், அறிகுறியையும் காரணத்தையும் தனித்தனியே எழுத இடம் வேண்டும். காரணம் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதும் உரிமை வேண்டும். அப்படி எழுதியவரைத் தாமதத்துக்காகக் கடியாத மேலாளர் வேண்டும். மட்ரிட்டில் இரண்டு தொழில்நுட்பர்கள் மீது வழக்கு நடந்தது. 2012-இல் மாகாண நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அது நியாயம் என்றே நினைக்கிறேன். அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது அந்தப் பட்டியல்தான், பின்னால் காத்திருந்தது நிறைந்த விமானம்.

தம்பியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நல்ல படிப்பு. ஒரு கருவி பழுதானால், அதற்கு வரும் மின்சாரம் வேறு எதற்கெல்லாம் போகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துத் தேடிப் பழகச் சொல்லுங்கள். ஸ்பெயின் விசாரணை ஆணையம் 2011-இல் வெளியிட்ட அந்த அறிக்கை ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. ஆர்2-5 பற்றிய பகுதியிலிருந்து ஆரம்பிக்கட்டும். புரியாத இடங்களை எனக்கு எழுதட்டும், சேர்ந்து படிப்போம்.