கடைசி 40-இல் நின்றுபோகும் பில்ட்: மேனேஜருக்கு என்ன நேரம் சொல்வது?

கேள்வி: எங்கள் சி++ ப்ராஜெக்டை சிமேக் (பில்ட் விதிகளை எழுதித் தரும் கருவி), நிஞ்சா (அந்த வேலைகளை ஓட்டும் கருவி) வைத்து பில்ட் செய்கிறோம். மொத்தம் 1,900 வேலைகளில் 1,860 வரை ஒரு மணி நேரத்தில் ஓடிவிடுகிறது. மீதி 40-க்கு இன்னொரு மணி நேரம். ஹேங் ஆகிவிட்டதென்று நினைத்து நடுவில் நிறுத்தியும் இருக்கிறேன். "எப்போது முடியும்?" என்று மேனேஜர் கேட்டால் பதில் இல்லை. துல்லியமான சதவீதம் காட்டும் டாஷ்போர்டு என்று ஒருவர் விற்க வந்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்களுக்குத் தேவையான கணக்கு உங்கள் பில்ட் ஃபோல்டருக்குள்ளேயே கிடக்கிறது.

நிஞ்சா காட்டுவது வேலைகளின் எண்ணிக்கை, நேரம் அல்ல. இரண்டு விநாடியில் முடியும் சின்னக் கோப்பும் அதற்கு ஒன்றுதான், இருபது நிமிடம் இழுக்கும் லிங்க்கும் (துண்டுகளை ஒரே ப்ரோகிராமாக இணைக்கும் வேலை) ஒன்றுதான். ஆப்ஜெக்ட் கோப்புகள், அதாவது கம்பைல் செய்து கிடைக்கும் துண்டுகள், தயாரான பிறகே லிங்க் தொடங்க முடியும் என்பதால், கனமான வேலையெல்லாம் கடைசியில் வந்து சேர்கிறது. எல்டிஓ (லிங்க் நேரத்து ஆப்டிமைசேஷன்) போட்டிருந்தால் கம்பைல் கட்டத்து ஆப்டிமைசேஷனில் பெரும்பகுதியும் லிங்க்குக்கே போய்விடும்.

அடுத்த முறை எண் நின்றால் பில்டை நிறுத்தாமல், ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் ஹெச்டாப்பைத் திறந்து பாருங்கள். லிங்கர் சிபியூவைத் தின்றுகொண்டிருந்தால் வேலை நடக்கிறது, விட்டுவிடுங்கள். சிபியூ சும்மா இருந்து ஸ்வாப் (ராம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) நிரம்பியிருந்தால், பல லிங்க்குகள் ஒரே நேரத்தில் ஓடி ராம் போதாமல் திணறுகிறது. சிமேக்கில் லிங்க்குக்கென்று தனி ஜாப் பூல் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளுக்கான வரம்பு) வைத்து ஒன்று அல்லது இரண்டாகக் குறையுங்கள். மொத்த நேரமே குறையக்கூடும். திரையில் தெரியும் கோப்புப் பெயரை நம்பாதீர்கள். அது கடைசியாகத் தொடங்கியதாகவோ முடிந்ததாகவோ இருக்கலாம், சிக்கியிருப்பது வேறாக இருக்கலாம்.

இனி நேரக் கணக்கு. ஒவ்வொரு வேலையும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று மில்லிவிநாடியில் நிஞ்சா எழுதி வைக்கிறது. புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட நிஞ்சா லாக் கோப்பு அதுதான். பல வருடமாக எழுதிக்கொண்டே இருந்துவிட்டு, அதை வைத்து மீதி நேரம் சொல்லும் வசதியை 2024-இல் வந்த 1.12 பதிப்பில்தான் சேர்த்தார்கள். உபுண்டு 24.04-இல் வருவதோ 1.11. உங்கள் ஐடி பிரிவு டிக்கெட் போடச் சொல்லி இழுத்தடித்தால், பைத்தானின் இன்ஸ்டாலரான பிப் மூலம் புதிய நிஞ்சாவை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நிஞ்சா ஸ்டேட்டஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் % குறியோடு பெரிய எழுத்து டபிள்யூவைச் சேர்த்தால் மீதி நேரம் மணி, நிமிடமாக வரும்.

பில்ட் ஃபோல்டரை மொத்தமாக அழித்தால் இந்த லாக்கும் போய்விடும். எங்கும் நடக்கும் தவறு இது: தினமும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மதிப்பீடு வரவில்லை என்று புலம்புகிறார்கள். அழிக்கும் முன் லாக்கை நகலெடுத்து வைத்து, பில்ட் தொடங்கும் முன் திரும்பப் போடுங்கள்.

ஏற்கெனவே கம்பைல் ஆனதைச் சேமித்து வைத்து மறுபடி தரும் சிகேஷ் பயன்படுத்துகிறீர்களா? அப்படியானால் கவனம். நேற்று கேஷில் இருந்து எடுத்த கோப்புக்கு ஒரு விநாடிகூட ஆகியிருக்காது. லாக்கில் அந்தச் சின்ன நேரமே பதியும். இன்று யாரோ ஒரு பொது ஹெடரை (பல கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் கோப்பை) மாற்றினால் அதே கோப்பு நிஜமாகவே கம்பைல் ஆக வேண்டும், அரை நிமிடம் பிடிக்கும். ஆயிரம் கோப்புக்கு இப்படி ஆனால் பத்து நிமிடம் என்று தொடங்கிய மதிப்பீடு ஏறிக்கொண்டே போகும். கேஷ் நிரம்பி பழையவை வெளியேறினாலும் இதே கதை, கம்பைலர் பதிப்பு மாறினாலும் இதே கதை. ஆகவே கேஷ் இல்லாமல் ஓடிய ஒரு பில்டின் லாக்கைத் தனியாக வைத்திருங்கள். ஹெடர் மாறிய நாளில் அதை நம்புங்கள், மற்ற நாளில் நேற்றையதை.

இப்போது அந்த டாஷ்போர்டு. இந்த வியாபாரிகளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. நான் பார்த்த ஒன்றில் பட்டை அழகாக, சீராக நகர்ந்தது. உள்ளே இருந்தது வெறும் கடிகாரம். பில்ட் செத்துக் கிடந்தபோதும் 99 சதவீதம் வரை போய் அங்கேயே நின்றது. வருடச் சந்தா வேறு. விற்க வருபவர் எதிரிலேயே சோதித்துப் பாருங்கள்: பில்ட் ஓடும்போது நிஞ்சாவையும் கம்பைலர் ப்ராசஸ்களையும் நிறுத்தி வையுங்கள். அப்போதும் சதவீதம் ஏறினால் ஆளை அனுப்பிவிடுங்கள். "ஏஐ கணிப்பு" என்று சொன்னால், எந்தத் தரவை வைத்து என்று கேளுங்கள். பெரும்பாலும் உங்கள் பழைய ஓட்டங்களின் சராசரியாகத்தான் இருக்கும். அதை ஜென்கின்ஸ் என்ற இலவச பில்ட் சர்வர் காசு வாங்காமலே செய்கிறது.

மேனேஜருக்குச் சதவீதம் சொல்லாதீர்கள். 98 என்று கேட்டவர் இரண்டு நிமிடத்தில் வந்து நிற்பார், அது அவர் தப்பில்லை. கம்பைல் எத்தனை முடிந்தது, லிங்க் எத்தனை பாக்கி, இப்போது ஓடும் லிங்க் தொடங்கி எவ்வளவு நேரம், போன முறை அதற்கு எவ்வளவு ஆனது என்று பிரித்துக் காட்டுங்கள். லாக்கைப் படிக்கும் முப்பது வரிப் பைத்தான் ஸ்கிரிப்ட் போதும். "நாலரைக்கும் ஐந்தேகாலுக்கும் இடையில்" என்று நேரத்தை வரம்பாகச் சொல்லுங்கள். ஒரே எண்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கடைசி மூன்று ஓட்டங்களில் அதிக நேரம் எடுத்தது எதுவோ அதைச் சொல்லுங்கள்.