ரோந்துத் துப்பாக்கிக்கு டார்ச், ரெட் டாட்: பட்டியலில் எதை எழுதுவது?

கேள்வி: வணக்கம் சார். நீலகிரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய ஸ்டேஷன் ஒன்றில் எஸ்.ஐ.யாக இருக்கிறேன். சேரம்பாடி, எருமாடு, பாட்டவயல் பக்கம் இரவு ரோந்து, செக்போஸ்ட் டூட்டி இரண்டும் உண்டு. கையில் இருப்பது பழைய இன்சாஸ் ரைஃபிள் நான்கு, ஏ.கே. ரைஃபிள் ஒன்று, ரயில் (சைட், டார்ச் மாட்டுவதற்கான பள்ளம் வெட்டிய பட்டை) வைத்த புதுத் துப்பாக்கி இரண்டு. துப்பாக்கியில் மாட்டும் டார்ச், குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் சைட் எல்லாம் வேண்டுமென்றால் தேவைப் பட்டியல் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆன்லைனில் பார்த்தால் ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, லட்ச ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதை எழுதுவது?

பதில்: தம்பி, முதல் வரியில் கைடார்ச் என்று எழுதுங்கள். ஆளுக்கு ஒன்று, இடுப்பில் மாட்ட உறையோடு. நீங்கள் துப்பாக்கிக்குக் கேட்டால் இவர் கைக்குச் சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். கைடார்ச் இல்லாத ஆளிடம் டார்ச் மாட்டிய துப்பாக்கியைக் கொடுப்பது ஆபத்து.

துப்பாக்கி டார்ச்சுக்கு ஒரு பிறவிக்குறை உண்டு. வெளிச்சம் போகிற இடத்துக்கெல்லாம் குழல்வாயும் கூடவே போகும். உங்கள் பகுதியில் நானும் சில வருஷம் ஆயுதப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். தேவாலா பக்கம் ஒரு மழை ராத்திரி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏதோ அசைந்தது. என்னுடன் வந்த பையன் சட்டென்று துப்பாக்கியைத் தூக்கி விளக்கைப் போட்டான். வெளிச்சத்தில் நின்றது கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு ஓடிய கன்றைத் தேடி வந்த தோட்டத்துப் பெண். தலையில் சாக்கு, கையில் கயிறு. அந்த அம்மா நெஞ்சுக்கு நேராகத் தோட்டா ஏற்றிய துப்பாக்கி நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அன்றிரவு அந்தப் பையன் சாப்பிடவில்லை.

அதனால் தேடுவது, அடையாளம் பார்ப்பது, லாரியின் ஆர்.சி. புக்கைப் படிப்பது எல்லாம் கைடார்ச்சின் வேலை. துப்பாக்கியை நீட்டியே ஆகவேண்டிய நிலைமை வந்த பிறகு, எதிரே இருப்பவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும்தான் துப்பாக்கி விளக்கு. யானையைப் பார்க்க அதை எடுக்கவே கூடாது. யானைக்குக் கைடார்ச்சும் வேண்டாம், வண்டியைப் பின்னால் எடுங்கள்.

சரி, துப்பாக்கி டார்ச்சுக்கு வருவோம். கடைக்காரர்கள் லூமென் கணக்கைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அது ஒரு திசையில் எவ்வளவு குவிந்து போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. மின்மினி மாதிரி எல்லாப் பக்கமும் சிதறினால் ஆயிரம் லூமென் இருந்தும் ஐம்பது மீட்டரில் ஒன்றும் தெரியாது. நீங்கள் பார்க்கவேண்டியது கேண்டெலாவை.

கணக்கு சுலபம்தான். கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அங்கே விழும் வெளிச்சம் லக்ஸ் என்ற அளவில் வரும். 10,000 கேண்டெலா டார்ச் 50 மீட்டரில் 4 லக்ஸ் கொடுக்கும், 100 மீட்டரில் 1 லக்ஸ்தான். இன்னொரு விஷயம். பெட்டியில் ‘200 மீட்டர் பாயும்’ என்று போட்டிருப்பார்கள். அந்தத் தூரத்தை அளக்கும் பொதுத் தரத்தின்படி, வெளிச்சம் 0.25 லக்ஸ் ஆகும் இடம் வரைதான் அந்தக் கணக்கு. கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம். நிலா வெளிச்சத்தில் ஆள் நிற்பது தெரியும், கையில் இருப்பது வெட்டுக்கத்தியா குடைக்கம்பா என்று தெரியுமா? பெட்டியில் போட்ட தூரத்தில் கால்பங்கைத்தான் நான் நம்புவேன். உங்கள் சாலைக்கும் தோட்டத்துக்கும் 20,000 கேண்டெலாவுக்குக் குறையாமல் கேளுங்கள். லூமென் ஐந்நூறிலிருந்து ஆயிரத்துக்குள் இருந்தால் போதும்.

கேண்டெலாவை வலியுறுத்த இன்னொரு காரணம் உங்கள் ஊர்ப் பனிமூட்டம். ஜூன் பிறந்தால் நாடுகாணியில் எதிரே வரும் பஸ்ஸின் மூக்குகூடத் தெரியாத நாட்கள் உண்டு. அந்த மூட்டத்தில் அகலமாகச் சிதறும் டார்ச்சைப் போட்டால் வெளிச்சம் பக்கத்துத் துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியது போல ஆகிவிடும். ஜீப்பில் ஹை பீம் போட்டால் ஆவதுதான் இங்கும். நடுக்கற்றை குறுகி, ஓரச் சிதறல் குறைந்த டார்ச் இதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அடர்ந்த மூட்டத்தை எந்த டார்ச்சும் வெல்லாது. அப்போது விளக்கை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டுவதுதான் வழி.

ஆயிரம் ரூபாய் டார்ச் ஏன் கூடாது என்றால், துப்பாக்கி வெடிக்கும்போது வரும் உதை. உள்ளே பேட்டரி முன்னும் பின்னும் துள்ளும், ஒருபக்க ஸ்பிரிங் அமுங்கித் தொடர்பு விட்டுப்போகும், விளக்கு அணையும் அல்லது மினுக்க ஆரம்பிக்கும். துப்பாக்கிக்கென்றே செய்ததில் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் இருக்கும். தண்ணீர் விஷயத்தில் ஐ.பி.எக்ஸ்.7 தரம், அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகக்கூடாது. தேவாலா மழைக்கு அதற்குக் கீழே ஒத்துவராது.

சுவிட்ச் பின்மூடியிலேயே இருக்கட்டும். ஒயர் போட்டு இழுத்த பிரஷர் பேட், அதாவது அழுத்தினால் எரியும் பட்டை சுவிட்ச், படத்தில் அழகாக இருக்கும். தாழ்வாரத்தில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்தால் தானாக எரிந்துகொண்டிருக்கும், ஒயர் கொக்கியில் மாட்டும், இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். அழுத்தும்போது மட்டும் எரிவது, திருகினால் நிலையாக எரிவது என்று இரண்டும் உள்ள சுவிட்சாகப் பாருங்கள். மின்னிமின்னி எரியும் ஸ்ட்ரோப் வசதி வேண்டவே வேண்டாம். பதற்றத்தில் விரல் எப்படியும் அதில்தான் போய் அழுத்தும். டார்ச்சைக் குழல்வாய்க்கு மிக அருகே கொண்டுபோய் மாட்டினால் கண்ணாடியில் கரி படியும். ரொம்பப் பின்னால் தள்ளினால் குழலின் நிழல் வெளிச்சத்தின் நடுவே விழும். இடதுகைக் கட்டைவிரல் எட்டும் இடம் எதுவோ அதுதான் சரியான இடம். அதை ஆர்மரர் (ஆயுதங்களைப் பராமரிப்பவர்) தனியாக முடிவு பண்ணக்கூடாது, துப்பாக்கி தூக்குகிற ஆளை நிறுத்திவைத்துப் பார்க்கவேண்டும்.

அப்புறம் ரெட் டாட். இது நல்ல பொருள்தான். முன்குறி, பின்குறி, இலக்கு என்று மூன்றையும் கண் வரிசைப்படுத்தத் தேவையில்லாமல் இலக்கின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி நிற்கும். இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இருட்டில் அது எதையும் காட்டாது. யார் என்று தெரியாத உருவத்தின் மேல் புள்ளி வைத்து என்ன பயன்? அதனால்தான் வெளிச்சம் முதலில், குறி பிறகு என்கிறேன்.

புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்று சொல்வார்கள். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் ஒரு எம்.ஓ.ஏ. என்பது சுமார் 2.9 செ.மீ. ஆக 2 எம்.ஓ.ஏ. புள்ளி அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 6 செ.மீ. மறைக்கும். ரோந்துக்கு அது போதும். சிலர் கண்ணுக்குப் புள்ளி நட்சத்திரமாகச் சிதறியோ வால் முளைத்தோ தெரியும். சைட் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது பார்ப்பவர் கண்ணின் ஆஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் குறை. வெளிச்ச அளவைக் குறைத்துப் பாருங்கள், கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டு பார்க்கட்டும். பட்டியல் அனுப்பும் முன்பு இந்தச் சோதனையை எல்லோருக்கும் செய்துவிடுங்கள்.

இப்போது உங்களிடம் இருக்கும் துப்பாக்கிகள். பழைய இன்சாஸில் ரயில் கிடையாது. நான்கையும் அப்படியே இரும்புக் குறியோடு விட்டுவிடுங்கள், அந்த ஆட்களுக்கு நல்ல கைடார்ச் போதும். ஏ.கே.யில்தான் எல்லோரும் ஏமாறுவார்கள். ரயில் வைத்த மேல்மூடி மலிவாகக் கிடைக்கிறது, பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டி ரெட் டாட்டை உட்கார வைத்துவிடுவார்கள். சுத்தம் செய்ய ஒவ்வொரு தடவையும் கழற்றுகிற மெல்லிய தகடு அது. கழற்றி மாட்டினால் பழைய இடத்தில் அப்படியே உட்காராது, ஜீரோ (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டைச் சரிசெய்து வைத்தது) போய்விடும். ஒருமுறை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் இப்படி மாட்டிய துப்பாக்கியைக் காலையில் சரிபார்த்தோம், மத்தியானம் துடைத்து மாட்டிய பிறகு ஒரு தோட்டாகூட முதலில் விழுந்த இடத்தில் விழவில்லை. ஏ.கே.யின் இடதுபக்கம் உடலோடு சேர்ந்த ரயில் இருந்தால் அதில் மாட்டலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஏ.கே.-203 போன்ற புது வகைகளில் கீல் வைத்த மூடியே ரயிலோடு வருவது வேறு கதை.

ஆக ரெட் டாட் இரண்டு, புதுத் துப்பாக்கி இரண்டுக்கு மட்டும். அவற்றின் ரயில் பிக்காட்டினி என்ற தர வகைதானா என்று பாருங்கள். பள்ளம் 5.23 மி.மீ. அகலம், பள்ளத்துக்குப் பள்ளம் 10.01 மி.மீ. இருக்கும். அந்தத் தரத்தின் பெயரான மில்-எஸ்.டி.டி.-1913இல் வரும் 1913 என்பதை வருஷம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது வெறும் எண், தரம் வெளிவந்தது 1995இல். வீவர் என்ற இன்னொரு வகை ரயிலின் பள்ளம் இதைவிடக் குறுகல், பிக்காட்டினி மவுண்ட் (சைட்டை ரயிலில் பிடிக்கும் அடிப்பகுதி) அதில் இறங்காது. மாட்டும்போது சைட்டைப் பள்ளத்தில் முன்பக்கம் தள்ளிப் பிடித்து, தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு ஸ்க்ரூவை முறுக்கவேண்டும். பிறகு ஸ்க்ரூ தலையிலிருந்து மவுண்ட் வரைக்கும் நெயில் பாலிஷில் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று டூட்டி மாறும்போதே தெரிந்துவிடும். இரும்புக் குறியைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், ரெட் டாட் அணைந்தால் அதுதான் கை கொடுக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் ஆட்களுக்குச் செய்தே காட்டுங்கள். ரெட் டாட் குழலுக்கு மேலே ஆறு, ஆறரை செ.மீ. உயரத்தில் உட்காரும். 50 மீட்டருக்கு ஜீரோ வைத்திருந்தால் 5 மீட்டரில் குண்டு புள்ளிக்குக் கீழே கிட்டத்தட்ட 6 செ.மீ. விழும். செக்போஸ்ட் தூரமே அதுதானே. இதைவிட மோசம், ஜீப் பானட்டுக்குப் பின்னால் குனிந்து குறிபார்ப்பது. புள்ளி பானட்டுக்கு மேலே தெளிவாகத் தெரியும், குழல்வாய் பானட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். பழைய தகரம் ஒன்றை நிறுத்திச் சுட்டுக்காட்டினால் ஒரே நாளில் மண்டையில் ஏறிவிடும்.

பேட்டரிக்கு வருகிறேன். நல்ல ரெட் டாட் சிலவற்றுக்கு 50,000 மணி நேரம் சொல்கிறார்கள், ஐந்து வருஷத்துக்கு மேல். லேசரால் புள்ளி காட்டும் ஹாலோகிராஃபிக் வகை சைட் ஆயிரம் மணி நேர அளவில்தான் ஓடும், அணைக்க மறந்தால் ஒன்றரை மாதம்கூட வராது. ராத்திரி டூட்டி முடித்து வருபவர் மறக்கத்தான் செய்வார், அதனால் முதல் வகையையே கேளுங்கள். எத்தனை மணி நேரம் என்று போட்டிருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஆயுத பூஜைக்கு எப்படியும் எல்லாத் துப்பாக்கியையும் துடைத்துப் பொட்டு வைப்பீர்கள், அன்றைக்கே மாற்றினால் யாரும் மறக்கமாட்டார்கள். டார்ச்சுக்கு 3 வோல்ட் சி.ஆர்.123 லித்தியம் நல்லது, குளிரில் சோராது, அலமாரியில் பல வருஷம் கிடந்தாலும் ஒழுகாது. சார்ஜ் ஏற்றும் 18650 வகை சிக்கனம்தான், ஆனால் டார்ச் இரண்டையும் ஏற்குமா என்று பார்க்காமல் மாற்றிப் போட்டால் சர்க்யூட் கருகும்.

லேசர் வேண்டாம். பனிமூட்டத்தில் அது உங்கள் கையிலிருந்து நீளும் கோடாகத் தெரியும், எதிரிக்கு வழிகாட்டிப் பலகை. துப்பாக்கியைத் தோளில் மாட்டும் வார், அதாவது ஸ்லிங், கட்டாயம் வேண்டும். கைடார்ச் பிடிக்க, கதவைத் திறக்க, ஆளைப் பிடிக்க எல்லாம் ஒரு கை விடுபடவேண்டும்.

இதெல்லாம் அரசுச் சொத்து என்பது உங்களுக்குத் தெரியும். யாரோ வாங்கித் தருகிறேன் என்று சொன்னாலும், சொந்தக் காசானாலும், மேலதிகாரி உத்தரவும் ஆர்மரர் கையும் படாமல் ஒரு ஸ்க்ரூகூட மாட்டாதீர்கள். எந்தத் துப்பாக்கி எண்ணில் எந்த சைட், என்றைக்கு ஜீரோ பார்த்தது, யார் பார்த்தது என்று ரிஜிஸ்டரில் ஏறவேண்டும். நாளை ஒரு விசாரணை என்று வந்தால் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.

பட்டியலின் கடைசி வரி தோட்டா. ஒவ்வொரு ரெட் டாட்டுக்கும் ஜீரோ பார்க்க இருபது, வருஷாந்திரப் பயிற்சிக் கணக்கில் சேராமல் தனியாக என்று எழுதுங்கள். அதோடு ராத்திரி நேரத்தில் ஒரு ரேஞ்ச் நாள். தோட்டா தரமுடியாது என்று பதில் வந்தால் ரெட் டாட் இரண்டையும் அடித்துவிட்டுக் கைடார்ச்சை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.