மாமனாரின் சைக்கிள்

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் குடியிருக்கிறோம். எங்கள் வரிசையில் கார் இல்லாத வீடு எங்களுடையதுதான். ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கணவருக்குத் தொழிற்சாலை பஸ் விடியுமுன்னே வந்துவிடும். எனக்குக் கடைத்தெருவில் வேலை, நடந்தே போவேன். போகிற விசேஷத்தில் எல்லாம் நாத்தனார் குத்திக்காட்டுகிறார். 9 ஆண்டுக் கடனில் கார் எடுக்கலாம் என்றால் கணவர் மறுக்கிறார். கார் வந்தால், 7 வயது மகனைத் தினமும் சைக்கிளில் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் என் மாமனாருக்கும் சிரமம் இருக்காது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர் அவர். கணவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தங்கச்சி, நாத்தனாரை விடு. கார் வாங்கினால், வீட்டுக்கு ஏன் டைல்ஸ் மாற்றவில்லை என்பார். மாமனாரைப் பற்றி எழுதினாயே, அதற்கு வா.

சிரமம் என்று சொன்னது யார்? அவரா? உன் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இருட்டிலேயே எழுந்து பழகிய மனிதர். வேலை நின்ற பிறகு, காலையில் அவரை எழுப்புவது பேரன்தான். ரப்பர் போய் இன்று செம்பனை நிற்கிற இடத்தில் தாத்தா எந்த நிரையில் பால் வெட்டினார் என்று அந்தப் பையனுக்கு வேறு யார் சொல்வது? நீயா? அதைப் பிடுங்கிக்கொண்டு பெரியவரை டிவி முன்னால் உட்கார வைக்க மாதாமாதம் தவணை கட்டப் போகிறாய். பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகள் கடமை, சரி. அவர்களை வேலையில்லாமல் ஆக்குவது அதில் சேராது.

இன்னொன்று. கணவர் பஸ் ஏறிய பின் பள்ளிக்குக் காரை ஓட்டுவது யார்? உனக்கு லைசன்ஸ் இருப்பதாகக்கூட எழுதவில்லை. அப்புறம் பெரியவர் பெயரை ஏன் இழுக்கிறாய்?

கடைசித் தவணை கட்டும்போது உன் மகனுக்கு 16 வயது. மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுக்கிற வயது. அதுவரை சாலை வரி, காப்புறுதி, டயர் எல்லாம் தனி.

ராத்திரிக் காய்ச்சல், கொட்டும் மழை, இவை நிஜமான கஷ்டம்தான். அதற்கு கிரெப் வாடகைக் கார் இருக்கிறது, எண்ணெய்க் காசு கொடுத்தால் வருகிற பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் உங்கள் ஊரிலேயே ரயில் ஏறலாம்.

இன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரையே கேள்: "மாமா, முட்டி வலிக்கிறதா?" வலிக்கிறது என்றால் மறுபடி எழுது, உன் கணவரைத் திட்டி அடுத்த இதழிலேயே எழுதுகிறேன். இல்லை என்றால், முன்பணத்துக்குச் சேர்த்த காசில் கொஞ்சம் எடுத்து அந்தச் சைக்கிளுக்குப் புது பிரேக், பின்விளக்கு, பையன் கால் வைக்க மிதி போட்டுக்கொடு. அவனுக்கு ஒரு தலைக்கவசமும் வாங்கு.