அறிவிப்பாளரின் குரலை வெட்டாதீர்கள்

அன்புள்ள அண்ணா,

லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஆங்கிலேயப் பெரியவர் போன மாதம் தவறிவிட்டார். வீட்டைக் காலி செய்ய வந்த அவர் மகள், எனக்கு இசையில் ஆர்வம் உண்டென்று அப்பா சொல்வார் என்று இரண்டு பெட்டி நிறைய கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் மேற்கத்திய செவ்வியல் இசைக்கான பி.பி.சி. ரேடியோ 3ல் வந்தபோது அவரே பதிவு செய்தவை. தேதி, ஆர்கெஸ்ட்ரா, அதை நடத்திய கண்டக்டர் எல்லாம் பென்சிலில் எழுதியிருக்கிறார். ஹாவர்கல் பிரையன், ஜார்ஜ் லாய்ட், ரூத் கிப்ஸ் என்று நான் கேள்விப்படாத இசையமைப்பாளர்களின் பெயர்கள். ஒரு கேசட்டில் மட்டும் வெறும் கேள்விக்குறி. இவற்றைக் கணினியில் ஏற்றி எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஒரு நண்பர் அது திருட்டு என்கிறார். இன்னொருவர், சொந்த ஊரே மறந்துவிட்ட இந்த இசையமைப்பாளர்களை வேறு யார் கேட்கப்போகிறார்கள் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ர., லண்டன்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்தப் பெட்டிகளை, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கத்திலிருந்தும் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது நண்பருக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஹாவர்கல் பிரையன் 1876ல் ஸ்டாஃபோர்ட்ஷயரில், மண்பாண்டத் தொழில் நடக்கும் ஊரில் பிறந்தவர். 12 வயதில் பள்ளியை விட்டவர். எழுதிய சிம்பொனிகள், அதாவது முழு ஆர்கெஸ்ட்ராவுக்கான பெரிய படைப்புகள், 32. அவற்றில் ஒன்றைக்கூட ஆர்கெஸ்ட்ரா வாசித்துக் கேட்காமலே 78 வயது வரை இருந்தார். 1954ல்தான் கண்டக்டர் ஏட்ரியன் போல்ட் நடத்தி எட்டாவது சிம்பொனி பி.பி.சி.யில் ஒலித்தது. காரணம், அங்கே தயாரிப்பாளராக வேலை பார்த்த ராபர்ட் சிம்ப்சன். தானே பெரிய இசையமைப்பாளராக இருந்தும், இன்னொருவருடைய இசை வெளியே வரவேண்டும் என்று விடாமல் நின்றவர். அதன் பிறகு கிழவருக்கு எங்கிருந்து அவ்வளவு தெம்பு வந்ததோ, 92 வயது வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

1966 அக்டோபர் 30 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவருடைய முதல் சிம்பொனியான 'காதிக்'கைப் போல்ட் நடத்தினார். ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம், நூற்றுக்கணக்கான பாடகர்கள். எழுதி முடித்து 39 ஆண்டுகள் கழித்து, 90 வயதில் அரங்கில் உட்கார்ந்து அவர் அதைக் கேட்டார். அந்த ஒலிபரப்பு முறையான வெளியீடாகக் கடைக்கு வந்தது 2009ல்தான். நடுவில் கிடந்த 43 ஆண்டுகளில் அந்த இரவை உயிரோடு வைத்திருந்தவர்கள், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆட்கள்தான். ரேடியோ முன்னால் உட்கார்ந்து பதிவு செய்தார்கள், பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பினார்கள். வாங்கியவர் இன்னொருவருக்கு அனுப்பினார். நான் அதை முதலில் கேட்டதும் அப்படிக் கை மாறி வந்த ஒரு பிரதியில்தான். இரைச்சல் அதிகம். ஆனாலும் கடைசியில் பாடகர் குழு மெல்ல அடங்கும் இடத்தில் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

பிரையனின் சிம்பொனி முதன்முதலில் வணிக இசைத்தட்டுக்காகப் பதிவானது 1972ல். வாசித்தவர்கள் லெஸ்டர்ஷயர் பள்ளி மாணவர்கள். பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் தொடாததைப் பள்ளிப் பிள்ளைகள் வாசித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவர் இறந்துபோனார். ஆகவே யார் கேட்கப்போகிறார்கள் என்ற கேள்வியை அந்தக் காலத்திலேயே பலர் கேட்டிருப்பார்கள். கேட்க ஒரு வழி இருந்தால் கேட்பதற்கு ஆள் வருகிறார்கள், அவ்வளவுதான்.

இனி திருட்டு. அந்தச் சொல்லை நான் ஏற்கமாட்டேன். ஆனால் சட்டமே குறுக்கே வராது என்றும் சொல்லமாட்டேன். பிரிட்டனில் ஒலிபரப்புக்கான உரிமை 50 ஆண்டு, இசையமைப்பாளரின் உரிமை அவர் இறந்து 70 ஆண்டு. பிரையனின் இசை 2042 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது. 1998ல் இறந்த லாய்டும் 1999ல் இறந்த கிப்ஸும் இன்னும் வெகுகாலத்துக்கு. ஆகவே எல்லாவற்றையும் பொதுவில் கொட்டிவிடாதீர்கள். கடையில் கிடைப்பதைப் பகிரவே வேண்டாம். ரூத் கிப்ஸின் நான்காம் சிம்பொனியை 2018ல் சான்டோஸ் நிறுவனம் வெளியிட்டுவிட்டது. அதை விலை கொடுத்து வாங்குங்கள். இந்த மாதிரி வெளியீடுகள் சில ஆயிரம் பேர் வாங்குவதை நம்பித்தான் வருகின்றன. எங்கேயும் கிடைக்காதது இருக்கிறதா என்று பிரிட்டிஷ் லைப்ரரியின் ஒலிக் காப்பகத்துக்கும் ஹாவர்கல் பிரையன் சொசைட்டி போன்ற அமைப்புகளுக்கும் எழுதிக் கேளுங்கள். அவர்களிடம் இல்லையென்றால் உங்களுடையதுதான் மிச்சமிருக்கும் ஒரே பிரதியாக இருக்கலாம்.

இதற்கு நேரான வழி உண்டு என்பதற்கு ரிச்சர்ட் இட்டர் சாட்சி. லிரிட்டா என்ற இசைத்தட்டு நிறுவனத்தை 1959ல் தொடங்கியவர். 1952 முதல் 1996 வரை பக்கிங்ஹாம்ஷயரில் தன் வீட்டில் உட்கார்ந்து, நல்ல கருவிகளை வைத்து பி.பி.சி. ஒலிபரப்புகளைப் பதிவு செய்துகொண்டே இருந்தார். 1500க்கும் மேற்பட்ட பதிவுகள். பி.பி.சி.யே வைத்துக்கொள்ளாத பல கச்சேரிகள் அவர் வீட்டில் இருந்தன. பின்னாளில் பி.பி.சி.யோடு ஒப்பந்தம் போட்டு அவற்றை லிரிட்டாவே வெளியிட ஆரம்பித்தது. 1,500 பதிவு வைத்திருந்தவருக்கும் இரண்டு பெட்டி வைத்திருப்பவருக்கும் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்.

அந்தப் பெட்டியில் ஜான் ஃபோல்ட்ஸ் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். மான்செஸ்டர்காரர். மனைவி மாட் மெக்கார்த்தி வயலின் கலைஞர், இந்தியா வந்து நம் இசையைக் கற்றவர். ஃபோல்ட்ஸ் 1935ல் இங்கே வந்து டெல்லி வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாக இருந்தார். 1939ல் கல்கத்தாவில் காலராவில் போய்விட்டார். இங்கே இருந்தபோது எழுதியவற்றில் பல தொலைந்துவிட்டன. அவர் விஷயத்தில் இசையமைப்பாளர் உரிமை முடிந்துவிட்டது. ஒலிபரப்பின் உரிமையையும் வாசித்தவர்களின் உரிமையையும் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இதைவிட முக்கியமான கவலை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இப்படி ரேடியோவிலிருந்து பதிவானவற்றை, பிரையன் உட்பட, இசைத்தட்டாகப் போட்டு விற்றது. மாட்டிக்கொள்ளாமல் இருக்க, ஆர்கெஸ்ட்ராவுக்கும் கண்டக்டருக்கும் பொய்ப் பெயர் போட்டது. உண்மையில் வாசித்தவர் யார் என்று சேகரிப்பாளர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பதிவைக் காப்பாற்றிவிட்டு அதில் உழைத்தவர்களை அழிப்பது எனக்கு மனசு ஆறாத காரியம்.

அதனால் கேசட்டைப் போடுவதற்கு முன் லேபிளின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். பென்சில் எழுத்து மங்கும். கேசட் மேல்முனையில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் பற்கள் உடைக்கப்படாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்ட் பட்டன் அழுந்தினாலும் அழியாது. உள்ளே டேப்பை அழுத்தும் குட்டி ஃபெல்ட் துண்டு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பழைய கேசட்டில் முதலில் விழுவது அதுதான். ஒலி மந்தமாக இருந்தால் டேப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டவேண்டாம். கேசட் போடும் டெக்கில், டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். பாட்டு ஓட ஓட அதை மயிரிழை திருப்பினால், பெரியவருடைய டெக் பதிவு செய்த கோணத்துக்கு உங்கள் டெக் வந்து சேரும் இடத்தில் வயலின்கள் சட்டென்று தெளியும்.

முக்கியமாக, ஆரம்பத்தில் பேசும் அறிவிப்பாளரை வெட்டாதீர்கள். சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். இடம் மிச்சம் பிடிக்கப் பலர் பேச்சையும் கைதட்டலையும் விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு பிரதி என்னிடமும் இருக்கிறது. யாருடைய இசை என்று தெரிந்துகொள்ள ஏழு மாதம் ஆனது. அந்த அரை நிமிடப் பேச்சு இருந்திருந்தால் ஏழு மாதம் தேவைப்பட்டிருக்காது.

கேள்விக்குறி போட்ட கேசட்டை முதலில் கேளுங்கள். பேச்சு ஏதாவது இருந்தால் அப்படியே எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், தெரிந்த நண்பர்களிடம் கேட்கிறேன். பெரியவரின் மகளிடமும் விசாரியுங்கள். அப்பா எந்த வருடத்தில் எந்த ரேடியோ வைத்திருந்தார் என்று அவருக்குத்தான் நினைவிருக்கும்.

அன்புடன்
அண்ணா